பொறுத்துப் போனவர்களின் கணக்கு

(திருவண்ணாமலையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அன்றாட நெருக்கடிகளுக்கு நம் மனம் எப்படி எதிர்வினை ஆற்றுகிறது, அந்த எதிர்வினை நாளடைவில் நம்மை என்ன செய்கிறது என்பதே இன்றைய பொருள். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். ஆகவே நோய்களுக்கும் மாத்திரைகளுக்கும் போகாமல், இந்த ஊரில் காலையில் எழுந்து வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறவர்களின் மனத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அமைதி தேடி உலகம் வந்து சேரும் ஊர் இது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். அன்றைக்குப் பேருந்து ஓட்டுகிறவர், பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர், விடுதி அறையைக் கூட்டிப் பெருக்கும் அம்மா, பூ கட்டி விற்கிற அக்கா ஆகியோருக்கு அந்த அமைதியில் எவ்வளவு பங்கு கிடைக்கிறது? இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

பெருந்துயரும் சிறுதொல்லையும்

2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு உயிர்கள் போயின. மீட்புப் படை வந்தது, அமைச்சர்கள் வந்தார்கள், ஊரே பதறியது. அந்த ஆண்டு தீபத்தன்று மலையேறப் பக்தர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை. பெருந்துயரை எப்படிச் சுமப்பது என்பது நமக்குத் தெரியும். சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். வாய்விட்டு அழ ஒப்பாரி இருக்கிறது. காரியம் முடிய நாள் கணக்கு இருக்கிறது.

ஐந்தே முக்கால் பேருந்தைத் தவறவிட்டதற்கு, கடை மேலாளர் நாலு பேர் முன்னால் ஏசியதற்கு, பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கு நாத்தனாரிடம் கை நீட்டியதற்கு இப்படி எந்தச் சடங்கும் கிடையாது. ‘இதுக்கெல்லாமா கண்ணு கலங்குவே’ என்பதோடு முடிந்துவிடும்.

மேலைநாட்டு ஆய்வாளர்களும் பெருந்துயரிலிருந்துதான் தொடங்கினார்கள். 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் 43 நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். கணவன் அல்லது மனைவியின் மரணம் நூறு. மற்றவை அதற்குக் கீழே. 1981-இல் லாசரஸ் என்ற உளவியலறிஞரும் அவர் குழுவினரும் வேறு திசையில் போனார்கள். பொருளைத் தொலைப்பது, விலைவாசி, வேலைப் பளு என்று 117 சிறுதொல்லைகளைப் பட்டியலிட்டார்கள். மனச்சோர்வையும் பதற்றத்தையும் முன்கூட்டிக் காட்டுவதில் பெரிய நிகழ்ச்சிகளைவிட இந்தச் சிறுதொல்லைகளே தெளிவான அடையாளம் என்று கண்டார்கள். அந்தப் பட்டியலில் சில கேள்விகள் நோய்க்குறிகளையே கேட்பவை என்று பிறகு மறுப்பு எழுந்ததும் உண்டு. ஆனால் ஆராய வேண்டிய இடம் எது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பெருந்துயர் அசல் என்றால் அன்றாடத் தொல்லை நாள்வட்டி. குடும்பங்களை முழுக்குவது பெரும்பாலும் வட்டிதான்.

2013-இல் சூசன் சார்ல்ஸ் என்ற அமெரிக்க உளவியலறிஞரின் குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. 25 முதல் 74 வயது வரையுள்ள எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் எட்டு நாள் தொடர்ந்து, இன்றைக்கு என்ன தொல்லை நேர்ந்தது, மனம் எப்படி இருந்தது என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே ஆட்களின் நிலையைப் பார்த்தார்கள். தொல்லை நேர்ந்த நாளில் யாருடைய மனம் மற்ற நாளைவிட மிகுதியாகக் கலங்கியதோ, அவர்களிடம் பத்தாண்டு கழித்து மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்பட்டன. ஒரு செவ்வாய்க்கிழமை வந்த எரிச்சல் புதன்கிழமை மறந்துபோகலாம். அப்படிப்பட்ட செவ்வாய்க்கிழமைகள் சேர்ந்தால் அவற்றுக்குத் தனியே ஒரு பேரேடு உண்டு என்பதே இதன் சாரம்.

உடலில் நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, செரிமானம் நிற்கிறது, தசைகளுக்கு ரத்தம் பாய்கிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது என்று நூறாண்டுக்கு முன்பே வால்டர் கேனன் விளக்கினார். தீங்கு எதுவானாலும், அது நீடித்தால் உடல் ஒரே விதமாகத் தேய்கிறது என்று 1936-இல் ஹான்ஸ் செல்யே எழுதினார். புலிக்கு முன்னால் சில நிமிடம் வேலை செய்வதற்கென்று அமைந்த ஏற்பாடு இது. தவணைக்காரர் வரும் நாளில் காலை முதல் மாலை வரை அது ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. ‘தலை பாரமா இருக்கு’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘கை கால் ஓயுது’, ‘ராத்திரி தூக்கம் புடிக்கல’ என்றுதான் சொல்கிறார்கள்.

தொல்காப்பியரின் முப்பத்திரண்டு

உணர்ச்சி உடலில்தான் வெளிப்படுகிறது என்பது தமிழ் இலக்கணத்துக்குப் புதிய செய்தியில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் நான்கு காரணங்களிலிருந்து பிறக்கும். ஆக முப்பத்திரண்டு.

வகுப்பறையில் இதை மனப்பாடப் பகுதியாக்கிப் பிள்ளைகளை வாட்டுகிறோம். அந்த முப்பத்திரண்டில் அழுகைக்கும் வெகுளிக்கும் சொல்லப்பட்டவற்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அழுகைக்குக் காரணங்கள் பிறரால் இகழப்படுதல், இழப்பு, பழைய நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. வெகுளிக்குக் காரணங்கள் உறுப்பைச் சிதைத்தல், குடும்பத்துக்கும் தன்னை அண்டியவர்களுக்கும் கேடு சூழ்தல், அலைக்கழித்தல், கொலை.

வெகுளியின் நான்கு காரணங்களும் வெளியிலிருந்து ஒருவர் மீது இழைக்கப்படுபவை. ‘முன்கோபி’ என்ற குணத்தைத் தொல்காப்பியர் காரணமாகக் காட்டவில்லை. அழுகையின் காரணங்களிலும் ‘தொட்டாற்சிணுங்கி’ என்ற இயல்புக்கு இடமில்லை. வறுமைக்கு இடம் இருக்கிறது. ஒருத்தி அழுதால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்றுதான் முதலில் கேட்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். நாமோ ‘உனக்கு என்ன கோளாறு’ என்றுதான் கேட்கிறோம். சற்று முன் சொன்ன 2013 ஆய்வையும் இப்படித் திருப்பிப் படிக்க வாய்ப்பு உண்டு: தொல்லைகள் எல்லார்க்கும் வரும், நீ மிகையாகக் கலங்கியதுதான் குற்றம் என்று. இன்றைக்கு நான் மறுக்க வந்தது அந்த வாசிப்பைத்தான்.

சிரிக்கக் கூலி, சினக்கக் கூலி

தேரடி வீதியில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவலூர்ப்பேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறாள். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் நின்றால் இரவு ஒன்பது வரை. நாற்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, ‘வேற கலெக்‌ஷன் இல்லையாம்மா’ என்று வாடிக்கையாளர் எழுந்து போனாலும் அவள் சிரித்த முகத்தோடு மடித்து வைக்க வேண்டும். சிரிப்பும் அவள் சம்பளத்தில் அடக்கம்.

அதே இரவு அவள் வீட்டு வாசலில் இன்னொருவர் நிற்கிறார். மகளிர் குழுக் கடனின் வாரத் தவணையை வசூலிக்கும் இளைஞர். ‘இன்னிக்குக் குழு கட்டணும்’ என்பது நம் ஊர்ப் பெண்கள் வாயில் தினமும் கேட்கும் பேச்சு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கைப்பணம் போட்டுக் கட்ட வேண்டும். அதனால் தவணை தவறியவள் வசூலிப்பவரைவிடக் கூட்டாளிகளின் முகத்துக்குத்தான் அதிகம் அஞ்சுகிறாள். அந்த இளைஞருக்கும் இலக்கு உண்டு. அவர் குரலை உயர்த்தியாக வேண்டும். மனத்துக்குள் இரக்கம் இருந்தாலும் முகத்தில் கடுமை வேண்டும்.

1983-இல் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலறிஞர் தம் நூலில் இரண்டு வகைத் தொழிலாளர்களை ஆராய்ந்தார்: ஒரு வகையினர் விமானப் பணிப்பெண்கள், மற்ற வகையினர் கடன் வசூலிப்பவர்கள். ஒருவருக்கு இல்லாத கனிவைக் காட்டக் கூலி, மற்றவருக்கு இல்லாத சினத்தைக் காட்டக் கூலி. இருவருமே தம் முகத்தை முதலாளியிடம் வாடகைக்கு விட்டவர்கள். திருவண்ணாமலையில் அந்த இருவரும் ஒரே வீட்டு வாசலில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

உணர்ச்சியைக் காட்டும் உரிமை எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. முதலாளி கத்தினால் ‘அவருக்கு எவ்வளவு டென்ஷனோ’ என்கிறோம். தொழிலாளி கத்தினால் ‘திமிர்’. கணவன் தட்டை வீசினால் ‘வெளியில ஆயிரம் பிரச்சினை’. மனைவி ஒரு சொல் உரக்கச் சொன்னால் ‘வாயாடி’. ஆகவே கோபம் மேலிருந்து கீழே இறங்குகிறது. அலுவலகத்தில் பிறந்தது வீட்டுக்கு வந்து, கடைசியில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் முதுகில் விழுகிறது. எல்லாருக்கும் கீழே இருப்பவரிடம் நாம் கொடுக்கும் மருந்து ஒன்றுதான்: ‘பொறுத்துப் போ.’

பொறுமை பெரிய குணம்; மறுக்கவில்லை. திருப்பித் தர வலிமை இருந்தும் தராமல் விடுகிறவன் செய்வது பொறை. திருப்பிப் பேசினால் வேலை போகும் என்ற நிலையில் ஒருத்தி வாயை மூடிக்கொள்வதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. அவள் விழுங்குகிறாள். விழுங்கியது தலைபாரமாக, தூக்கமின்மையாக, இரத்த அழுத்தமாக வெளியே வரும்.

மலையடிவாரத்து அமைதி

இந்த ஊரில் அமைதியைப் பற்றிப் பேசிவிட்டு ரமணரைப் பேசாமல் போக முடியாது. பலரும் அவரை ஓர் உபதேசப் பலகையாக்கி, ‘பாருங்கள், எதற்கும் கலங்காதவர்; நீங்கள் ஏன் கலங்குகிறீர்கள்’ என்கிறார்கள். அவர் வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

1896 ஜூலையில், மதுரையில், பதினாறு வயதுப் பையனுக்குத் திடீரென்று மரணபயம் பிடித்தது. நோய் எதுவும் இல்லை, காரணமும் இல்லை. அந்த வயதில் அப்படியொரு பயம் வந்தால் நாம் திருநீறு போடுவோம், அல்லது ‘படிக்கப் போடா’ என்போம். அவர் அந்த அச்சத்தை விரட்டவுமில்லை, விழுங்கவுமில்லை. பிணம்போலப் படுத்துக்கொண்டு, சாவு என்றால் எது சாகிறது என்று அதையே உற்றுப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி அருணாசலம் வந்து சேர்ந்தார். உணர்ச்சியை நேருக்கு நேர் பார்த்தவரின் கதை இது.

இன்னொன்று. பெரியபுராணத்து அடியார் வரலாறுகளைப் படிக்கும்போதும் கேட்கும்போதும் ரமணர் கண்ணீர் பெருக்கினார், குரல் தழுதழுத்துப் படிப்பு நின்றது என்று உடனிருந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள். அமைதியின் உருவமாக நாம் வணங்குகிறவர் கண் கலங்கியதை ஆசிரமத்தில் யாரும் குறையாக நினைக்கவில்லை. அழுதால் அமைதி கெட்டுவிடும் என்பது நம்முடைய கற்பனை.

அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது என்பதைப் பணிவோடு சொல்கிறேன். மலைக்கு வந்தபின் அவருக்கு வாரத் தவணை இல்லை. துறவியின் சலனமின்மையைக் குடும்பத்தாரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதிலும், தாம் சலனப்படும் உரிமையை வைத்துக்கொண்டு, தம்மிடம் வேலை செய்கிறவரிடம் மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம்.

கேட்க ஓர் ஆள்

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில் 2006-இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் பாட்டிமார் பதினான்கு பேருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்து வளாகத்தில் மரப்பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் சோர்ந்து வருகிறவரிடம் பாட்டி பேச்சுக் கொடுப்பார். தொல்லைகளில் ஒன்றைத் தேர்ந்து அதற்கு வழி தேட உதவுவார். 2016-இல் வெளியான ஆய்வு, இப்படி உதவி பெற்றவர்களின் மனச்சோர்வு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்ததைக் காட்டியது. கோவாவில் விக்ரம் படேலும் அவர் குழுவினரும் மருத்துவப் பட்டமில்லாத ஆலோசகர்களைக் கொண்டே மனச்சோர்வைக் குறைக்க முடியும் என்று நிறுவினார்கள். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பில் தன்னார்வலர்கள் இன்றளவும் செய்துவருவது பொறுமையாகக் கேட்பதைத்தான்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ‘என்னைப் பார், நான் படாத பாடா’ என்று நம் கதையைத் தொடங்கக் கூடாது. உடனே தீர்வு சொல்லவும் கூடாது. ‘அப்புறம் என்ன ஆச்சு’ என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது. கிரிவலப் பாதையில் இருவர் இருவராக நடக்கிறவர்களைக் கவனியுங்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததைப் பக்கவாட்டில் நடந்தபடி சொல்லிவிட முடிகிறது.

பேச்சு போதாத நிலையும் உண்டு. தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பார்க்க வேண்டும். 2015-16-இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகவும் அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே வருவதில்லை என்றும் கண்டது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. தமிழில் பேசலாம், இரவிலும் பேசலாம். மாணவர்கள் இந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்துப் பெஞ்சுக்குத் தேவைப்படலாம்.

உட்கார ஒரு நாற்காலி

இங்கேதான் என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். மூச்சைக் கவனி, நடந்து போ, மனம்விட்டுப் பேசு என்ற அறிவுரைகள் எல்லாம் நல்லவை. ஆனால் அவை தொல்லைக்கு ஆளானவரையே மேலும் ஒரு வேலை செய்யச் சொல்கின்றன. தொல்லை உற்பத்தியாகும் இடத்தில் கை வைப்பதும் மனநலப் பணிதான்.

2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று விதித்தது. கேரளம் இதை 2018-இலேயே செய்திருந்தது. தேரடி வீதிப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் அவள் முதுகுவலி குறையும். அதைவிட முக்கியமாக, தானும் உட்காரத் தக்க ஓர் ஆள் என்ற எண்ணம் அவளுக்குத் திரும்பும். தொல்காப்பியர் சொன்ன இகழ்ச்சி என்ற காரணம் அங்கே ஒரு சாண் குறைகிறது. 2021-இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்தும் அப்படித்தான். மாலையில் வீட்டுக்குப் போகக் காசு இருக்கிறதா என்ற கணக்கு ஒரு தலையிலிருந்து இறங்கினால் அந்த இடத்தில் வேறு நினைவுக்கு வழி கிடைக்கும். 2025-இல் கடன் வசூலில் கெடுபிடி செய்வதைத் தடுக்கும் சட்டமும் வந்திருக்கிறது. இவற்றை மனநலச் சட்டங்கள் என்று யாரும் அழைப்பதில்லை. நான் அப்படித்தான் அழைப்பேன். ஆனால் சட்டம் எழுதப்பட்டதாலேயே நாற்காலி கடைக்குள் வந்துவிடாது. நாளைக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வல்லாள மகாராஜா கோபுரம்

முடிவாக ஒரு செய்தி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். இந்திய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவற்றுக்குக் குடும்பப் பிரச்சினை காரணம் என்று பதிவாகியிருக்கிறது. இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனால் இந்தப் பதிவுகளின் பின்னால் நாம் இவ்வளவு நேரம் பேசிய அன்றாடத் தொல்லைகள் வரிசையாக நிற்பதை மறுக்க முடியாது.

நம் கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தை ஒட்டிக் கோபுரத்து இளையனார் சன்னதி இருக்கிறது. வாழ்க்கை வெறுத்து உயிரை விடத் துணிந்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிக் காத்தான் என்பது அந்த இடத்தின் ஐதீகம். கடவுள் அவரைக் கோழை என்று கண்டித்ததாகக் கதை இல்லை. தாங்கினார், பிறகு பாட வைத்தார் என்றுதான் கதை.

நம் சட்டம் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. ஆங்கிலேயர் காலத்துத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, சாக முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கியது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகத் தற்கொலைக்கு முயல்வதற்கு மட்டும் தண்டனை உண்டு. மருத்துவமனையிலிருந்து திரும்பியவரைத் தெருவில் நாம் பார்க்கும் பார்வை இன்னும் 309-இலேயே நிற்கிறது.

இந்த அவையில் வணிகர்கள் இருக்கிறீர்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள், கோயில் பணியில் உள்ளவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். கடைக்காரர்கள் இருக்கையைப் போடுங்கள், உட்கார்ந்தவரை முறைக்காதீர்கள். பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் வேலை வாங்குகிறவர்கள், மறுநாள் அவர்களுக்கு ஓய்வு கொடுங்கள். ஆசிரியர்கள், வகுப்பில் ஒரு பிள்ளை அழுதாலோ சீறினாலோ, தண்டனை சொல்லும் முன் தொல்காப்பியரைப் போல் காரணத்தைக் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, இந்த மேடையின் அலங்காரச் செலவைவிடக் குறைவு. ஒரு வருடம் கழித்து இதே அறக்கட்டளையின் அடுத்த சொற்பொழிவுக்கு நாம் கூடும்போது, எத்தனை கடைகளில் நாற்காலி வந்தது என்ற கணக்கை முதலில் வாசித்துவிட்டுப் பேச்சாளரை அழைக்க வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.